கப்பலுக்குப் போகும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய உயிர்காப்பு

கடல் நமக்குப் புதிதல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை எனக் கரையோர ஊர்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் கடலால் பிழைத்தவர்கள். மாலுமி, சுக்கான் ஆகிய சொற்களே அரபுக் கடலோடிகளுடன் கொண்ட பழக்கத்தால் தமிழுக்கு வந்தவைதாம். மரக்கலம் போய் இரும்புக் கப்பல் வந்த பிறகும் அந்தத் தொடர்பு அறுந்துவிடவில்லை. சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், நடுக்கடல் எண்ணெய் மேடை, இழுவைப் படகு என்று இன்றும் நம் பிள்ளைகள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிள்ளைக்குக் கப்பல் வேலை கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் சில கேள்விகள் கேட்போம். சம்பளம் எவ்வளவு? எத்தனை மாத ஒப்பந்தம்? எந்தக் கம்பெனி? இவையெல்லாம் கேட்க வேண்டியவைதாம். ஆனால் அநேகமாக யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "கப்பலுக்கு ஏதாவது ஆனால் உன் உயிரைக் காத்துக்கொள்ளத் தெரியுமா?" அதற்கான பயிற்சிச் சான்றிதழ் பிள்ளையின் கோப்பில் இருக்கும். சான்றிதழில் உள்ளது அவன் கையிலும் காலிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருட்டில், ஆடும் கப்பலில், அபாய மணி அலறும்போது யோசித்துச் செய்ய நேரம் இராது. பழகிய உடம்பு தானாகச் செய்ய வேண்டும்.

அந்தப் பயிற்சியில் என்ன இருக்கிறது, அதில் எதற்கு முதலிடம் என்பதைப் பெற்றோரும் மனைவி மக்களும் அறிந்துகொள்ளும்படி இங்கே விளக்குகிறோம்.

பயிற்சி எங்கிருந்து வந்தது?

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது அதில் 2,200 பேருக்கு மேல் இருந்தனர். உயிர்ப்படகுகளில் இருந்த இடமோ சுமார் 1,180 பேருக்குத்தான். ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மிதவைச் சட்டை அணிந்தே இருந்தனர். அவர்கள் தண்ணீரில் மூழ்கிப் போகவில்லை. உறைநிலையில் இருந்த கடல் நீரின் குளிர்தான் அவர்களைக் கொன்றது. அதிர்ந்துபோன உலக நாடுகள் கூடி, 1914-இல் கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உடன்படிக்கையைச் செய்தன. சோலாஸ் எனப்படும் அந்த உடன்படிக்கையின் 1974-ஆம் ஆண்டு வடிவம், பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. கப்பலில் என்னென்ன உயிர்காப்புக் கருவிகள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது இதுதான்.

கருவி இருந்தால் மட்டும் போதாது, அதைக் கையாளத் தெரிந்த ஆளும் வேண்டும். அதற்காக 1978-இல் வந்த மற்றோர் உடன்படிக்கை எஸ்.டி.சி.டபிள்யூ. கப்பலில் வேலை செய்பவர் பெற வேண்டிய பயிற்சிகளை அது வரையறுக்கிறது. அடிப்படைப் பயிற்சிகளில் ஒன்றுதான் பி.எஸ்.டி. எனப்படும் தனிநபர் உயிர்காப்புப் பயிற்சி. தீயணைப்பு, முதலுதவி முதலியவற்றுடன் சேர்த்து இதையும் முடித்தால்தான் கப்பல் வேலைக்குத் தகுதி கிடைக்கும். 2010-இல் செய்த திருத்தத்தின்படி, உயிர்காப்பிலும் தீயணைப்பிலும் தம் திறன் குறையவில்லை என்பதை மாலுமி ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நிரூபிக்க வேண்டும்.

எது முதலில்?

கடலில் தவிக்கும் ஆளைப் பற்றி நினைத்தால், பாவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். பயிற்சி சொல்லும் வரிசை இதற்கு நேர்மாறானது.

முதலில் உடம்புக்குக் காப்பு: மூழ்காமல், குளிரிலும் வெயிலிலும் வீழாமல் இருப்பது. இரண்டாவது, தான் இருக்கும் இடத்தைப் பிறருக்குத் தெரிவிப்பது. மூன்றாவது குடிநீர். நான்காவதுதான் உணவு.

காரணம் எளிது. காப்பு இல்லாவிட்டால் குளிர்ந்த கடலில் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். தண்ணீர் இல்லாமல் சில நாட்கள் தாங்கலாம். உணவில்லாமல் வாரக்கணக்கில் தாங்கலாம். எது சீக்கிரம் கொல்லுமோ அதை முதலில் தடுக்க வேண்டும். இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவையெல்லாம் தாமாக விளங்கும்.

கப்பலில் ஏறிய முதல் நாள்

உயிர்காப்பு தொடங்குவது விபத்து நடக்கும் நாளில் அல்ல. கப்பலில் ஏறும் நாளில். ஒவ்வொரு கப்பலிலும் மஸ்டர் லிஸ்ட் என்னும் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும். ஆபத்து வந்தால் யார் எங்கே கூட வேண்டும், யாருக்கு எந்த உயிர்ப்படகு, என்ன பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். பெட்டியை வைத்துவிட்டுப் பிள்ளை முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்து, தன் மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து, எடுத்து ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். அறையிலிருந்து மேல்தளத்துக்குப் போக இரண்டு வழிகளையாவது நடந்து பழக வேண்டும். புகை சூழ்ந்தால் கண் தெரியாது. சுவரைத் தடவியபடியே போகும் அளவுக்கு வழி பழகியிருக்க வேண்டும்.

ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகள், அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி: இதுதான் பொது அபாய ஒலி. கேட்டவுடன் உடுப்பு, மிதவைச் சட்டை ஆகியவற்றுடன் கூடுமிடத்துக்குப் போய்விட வேண்டும். செல்போனை எடுக்கிறேன், சர்ட்டிபிகேட்டை எடுக்கிறேன் என்று திரும்பக் கூடாது. ஆவணங்களை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரும் கப்பலைக் கைவிடும் ஒத்திகையிலும் தீயணைப்பு ஒத்திகையிலும் கலந்துகொள்ள வேண்டும் என்பது விதி. வேலைக் களைப்பில் இதைச் சடங்காக எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்குவோர் உண்டு. அப்படி ஒதுங்குபவருக்கு ஆபத்து நாளில் படகின் கொக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது.

மிதவைச் சட்டையும் முழு உடற்கவசமும்

லைஃப் ஜாக்கெட் என்று நாம் சொல்லும் மிதவைச் சட்டை சாதாரணப் பொருளல்ல. முன்பின் பழகாதவரும் ஒரு நிமிடத்துக்குள் அணிந்துகொள்ளும்படி அது இருக்க வேண்டும். நினைவிழந்தவர் குப்புறக் கிடந்தாலும் அவரைப் புரட்டி, வாய் நீர்மட்டத்துக்கு மேல் 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி தாங்க வேண்டும். கப்பலுக்கான சட்டையில் சீழ்க்கையும், எட்டு மணி நேரம் எரியும் சிறு விளக்கும், இரவில் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டைகளும் உண்டு. ஆனால் வார்களை இறுக்கிக் கட்டாவிட்டால் இவை எதுவும் பயன்படாது. தளர்வாகக் கட்டிய சட்டை, குதித்தவுடன் மேலேறி முகத்தை மறைக்கும். தலைவழியே கழன்றும் போய்விடும்.

குளிர்க் கடல்களில் போகும் கப்பல்களில் இம்மர்ஷன் சூட் என்னும் முழு உடற்கவசம் இருக்கும். தலை முதல் கால் வரை மூடி முகத்தை மட்டும் வெளியே விடும் உடை இது. யார் துணையுமின்றி இரண்டு நிமிடத்துக்குள் இதை அணியத் தெரிந்திருக்க வேண்டும். வெப்பக் காப்புள்ள கவசத்தை அணிந்தவர், உறையும் நிலையிலுள்ள நீரில் ஆறு மணி நேரம் கிடந்தாலும் அவர் உடல் வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் குறையக் கூடாது என்பது அதற்கான அளவுகோல்.

கவசம் கிடைக்காவிட்டால், கிடைத்த உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து அவற்றின் மேல் மிதவைச் சட்டையைக் கட்ட வேண்டும். கனத்த உடை நம்மை மூழ்கடித்துவிடும் என்று பலர் அஞ்சுவது தவறு. மிதவைச் சட்டை தாங்கிக்கொள்ளும். உடைகளுக்கிடையே தேங்கும் நீர் உடம்புச் சூட்டைக் காக்கும்.

கப்பலை விட்டு இறங்குவது கடைசி வழி

மிதந்துகொண்டிருக்கும் வரை கப்பலைவிடப் பாதுகாப்பான இடம் கடலில் வேறில்லை. அது படகைவிடப் பெரியது. தேடுவோர் கண்ணுக்கு எளிதில் படுவது. உணவும் நீரும் உள்ளது. எனவே கப்பலைக் கைவிடும் ஆணையைக் கேப்டன்தான் தர வேண்டும். அது வரும் வரை கூடுமிடத்தில் ஆயத்தமாக நிற்க வேண்டும்.

ஆணை வந்த பிறகும் முடிந்தவரை உடம்பு நனையாமல் படகிலோ மிதவையிலோ ஏறுவதே சிறந்தது. ஏணியோ கயிறோ இருந்தால் அதன் வழியாக இறங்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால்தான் குதிக்க வேண்டும். குதிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. உயரம் மிகக் குறைவான இடத்தைத் தேர்ந்து, கீழே ஆளோ பொருளோ இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, மற்றக் கையை அதன் குறுக்கே கொண்டுவந்து மிதவைச் சட்டையைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். பார்வை நேரே இருக்க வேண்டும். கீழே பார்த்தால் உடம்பு முன்னே சாய்ந்து அடிபடும். ஓர் அடி எடுத்து வைத்து, கால்களைப் பின்னி, கம்பம்போல் நேராக நீரில் இறங்க வேண்டும். பிறகு கப்பலை விட்டு விலகிப் போய்விட வேண்டும். எண்ணெய் பரவியிருந்தால் வாயை மூடித் தலையை உயர்த்தி, காற்றை எதிர்த்து, அது வரும் திசையை நோக்கி நீந்த வேண்டும்.

தண்ணீருக்குள் முதல் ஒரு மணி நேரம்

குளிர்ந்த நீரில் விழுந்தவருக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு ஒன்று உண்டு: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அடக்க முடியாமல் வாய் திறந்து மூச்சை இழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் அத்தோடு முடிந்தது. அந்த நிமிடத்தில் மிதந்தபடி மூச்சைச் சீராக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. அடுத்த பத்து நிமிடங்கள் கைகால் வேலை செய்யும். வார்களைச் சரிசெய்வது, சீழ்க்கையை எடுத்து வைப்பது, மிதவையில் ஏறுவது எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். அதன் பிறகு விரல் மடங்காது. நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரமாகும். ஆகவே விழுந்தவுடன் குளிர் கொன்றுவிடும் என்று பதற வேண்டியதில்லை. தலை நீருக்கு மேல் இருந்தால் மீட்பதற்கு அவகாசம் உண்டு.

நம் பக்கத்துக் கடல் இவ்வளவு குளிரானதல்ல. ஆனாலும் நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். வெதுவெதுப்பான கடலிலும் பல மணி நேரம் கிடந்தால் உடம்பு குளிர்ந்து, களைத்து, சோர்ந்துவிடும். அதனால் வீணாக நீந்தக் கூடாது. நீந்த நீந்தச் சூடு வெளியேறும். தனியாக இருந்தால் முழங்கால்களை மார்போடு சேர்த்து, கைகளை விலாவோடு ஒட்டிக் குறுகி மிதக்க வேண்டும். சூடு அதிகமாக வெளியேறும் இடங்கள் தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. பலர் இருந்தால் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக அணைந்து நிற்க வேண்டும். சிறியவரையும் காயம்பட்டவரையும் நடுவில் வைக்க வேண்டும். சூடும் தங்கும், தைரியமும் தங்கும். தனி ஒரு தலையைவிடக் கூட்டமாக மிதப்பவர்கள் மேலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் தெரிவார்கள்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயல் பணியில் இருந்த பி-305 என்னும் தங்குமிடப் படகு மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 261 பேர். கடற்படைக் கப்பல்கள் கொந்தளிக்கும் கடலில் இரவு பகலாகத் தேடி 180-க்கும் மேற்பட்டோரை மீட்டன. எழுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பிள்ளை திரும்பவில்லை. தப்பியவர்களில் பலர் மிதவைச் சட்டையுடன் குதித்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்தவர்கள். சமையல் வேலை, வெல்டிங் வேலை என்று போகிறவர்களும் கடலில் மாலுமிகளே என்பதை அந்த நிகழ்ச்சி உணர்த்தியது. ஆபத்து, பதவியைப் பார்த்து வருவதில்லை.

மிதவைக்குள் ஏறியதும்

லைஃப் ராஃப்ட் எனப்படும் காற்று மிதவை, வெள்ளைப் பீப்பாய் போன்ற உறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் கயிறு கப்பலில் உறுதியாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே கடலில் தள்ள வேண்டும். கயிற்றை முழு நீளத்துக்கும் இழுத்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினால் வாயு நிறைந்து மிதவை விரியும். ஆளில்லாமல் கப்பல் மூழ்கிவிட்டாலும், சுமார் நான்கு மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தத்தால் பூட்டு திறந்து மிதவை தானாக மேலே வரும். அது கவிழ்ந்து விரிந்தால் அஞ்ச வேண்டாம். வாயுக் குடுவை உள்ள பக்கத்தில் ஏறி நின்று, அடியில் உள்ள பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் ஒருவரே நிமிர்த்திவிடலாம். குளத்தில் இதைச் செய்து பழகுவது பயிற்சியின் முக்கியமான பாடம்.

உள்ளே ஏறியதும் செய்ய வேண்டியவை வரிசையாக: அங்குள்ள கத்தியால் கயிற்றை அறுத்து, மூழ்கும் கப்பலை விட்டு விலகுவது, நீரில் இருப்பவர்களை ஏற்றிக்கொள்வது, கடல் நங்கூரத்தை இறக்குவது, கூரை வாயிலை மூடுவது, உள்ளே உள்ள நீரை இறைத்துத் துடைப்பது. கடல் நங்கூரம் என்பது நீருக்குள் குடைபோல் விரியும் துணி. மிதவை காற்றோடு அடித்துச் செல்லப்படாமல் விபத்து நடந்த இடத்துக்கு அருகிலேயே இருக்க அது உதவும். தேடி வருவோர் முதலில் வருவது அந்த இடத்துக்குத்தான்.

அதே வேகத்தில் எல்லோரும் வாந்தித் தடுப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். "எனக்குக் கடல் பழக்கம்" என்று மறுக்கக் கூடாது. பழகிய மாலுமியையும் மிதவையின் ஆட்டம் புரட்டி எடுக்கும். வாந்தியால் வெளியேறும் நீரை ஈடுகட்ட அங்கே வழியில்லை. பிறகு ஒருவர் தலைமை ஏற்று, காவல் முறையையும் வேலைகளையும் பகிர்ந்து தர வேண்டும். கையில் வேலை இருக்கும் மனம் எளிதில் உடையாது.

நீரும் உணவும்

பெருங்கடலில் செல்லும் கப்பலின் காற்று மிதவையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீரும், உயிர்ப்படகில் ஆளுக்கு மூன்று லிட்டரும் இருக்கும். முதல் 24 மணி நேரத்தில் காயம்பட்டவர், நோயாளி தவிர வேறு யாருக்கும் நீர் தருவதில்லை. உடம்பில் ஏற்கெனவே உள்ள நீர் அதுவரை போதும். அப்போது குடித்தால் பெரும்பகுதி சிறுநீராக வெளியேறிவிடும். மறுநாளிலிருந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் வீதம், மூன்று வேளையாகப் பிரித்து, வாயில் கொப்பளித்து மெல்ல விழுங்க வேண்டும். மழை பெய்தால் கூரை வழியாகப் பிடித்துச் சேர்க்க வேண்டும்.

கடல் நீரை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. நல்ல நீரில் கலந்தும் குடிக்கக் கூடாது. அதிலுள்ள உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் உடம்பின் சொந்த நீரையும் சேர்த்து இழக்கும். தாகம் கூடும், சித்தம் கலங்கும். சிறுநீரும் அப்படியே. பகல் வெயிலில் உடையைக் கடல் நீரில் நனைத்துக்கொள்ளலாம்; வியர்வை குறையும். ஆனால் இருட்டுமுன் உலர்த்திவிட வேண்டும்.

உணவாக மாவும் சர்க்கரையும் மிகுந்த பிஸ்கட் போன்ற பொட்டலங்கள் இருக்கும். அவை செரிக்க அதிக நீர் வேண்டாம். மீன் அப்படியல்ல, புரதம் செரிக்க உடம்பு நிறைய நீரைச் செலவிடும். குடிக்கப் போதிய நீர் இருந்தால்தான் மீன் தின்ன வேண்டும்.

நோன்பு மாதத்தில் இப்படியொரு நிலை வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். பயணிக்கும் நோயாளிக்கும் நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ள மார்க்கம் சலுகை தந்திருப்பதை நாம் அறிவோம். மிதவையில் தன் பங்கு நீரை மறுத்து ஒருவர் சோர்ந்து விழுந்தால், மற்றவர்களுக்கும் அது பாரமாகும்.

இந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் ஒரு மனிதனைக் காக்கும் என்பதற்கு பூன் லிம் என்பவரின் வரலாறு ஒன்றே போதும். சீனரான அவர், பென்லோமண்ட் என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் பரிமாறுபவராக இருந்தார். 1942 நவம்பர் 23 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி, கப்பல் அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. மிதவைச் சட்டையுடன் குதித்த அவர் சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒரு மரத் தெப்பத்தைக் கண்டு ஏறினார். அதிலிருந்த பிஸ்கட்டையும் நீரையும் அளந்து உண்டார். அவை தீர்ந்துபோவதற்குள் மழைநீர் பிடிக்கவும், டார்ச் விளக்கின் கம்பிச்சுருளை வளைத்துத் தூண்டில் செய்யவும் கற்றுக்கொண்டார். அவர் பெரிய நீச்சல்காரர் அல்லர். நீரில் விழுந்துவிடாதிருக்கக் கயிற்றால் தம் மணிக்கட்டைத் தெப்பத்தோடு பிணைத்துக்கொண்டார். 133 நாட்கள் கழித்து, 1943 ஏப்ரலில் பிரேசில் மீனவர்கள் அவரைக் கண்டு மீட்டார்கள். கரையில் அவர் தம் காலாலேயே நடந்து இறங்கினார். அவரைக் காத்தது உடல் பலமன்று. இருப்பதை அளந்து, நாளை எண்ணி, செய்ய வேண்டியதை ஒவ்வொரு நாளும் செய்த நிதானம்.

"இங்கே இருக்கிறோம்" என்று சொல்வது

பூன் லிம்முக்கு இல்லாத வசதிகள் இன்று உண்டு. இபிர்ப் எனப்படும் அபாய அறிவிப்புக் கருவி, கப்பல் மூழ்கினால் தானாகவே விடுபட்டு மிதந்து, செயற்கைக்கோள் வழியாகக் கப்பலின் அடையாளத்தைச் சொல்லி 48 மணி நேரமாவது குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். சார்ட் என்னும் மற்றொரு கருவி, அருகில் வரும் கப்பலின் ரேடார் திரையில் பன்னிரண்டு புள்ளிகளாகத் தோன்றி வழிகாட்டும். மிதவைக்குப் போகும்போது இவ்விரண்டையும் எடுத்துச் செல்லும் பொறுப்பு யாருக்கு என்பது மஸ்டர் லிஸ்டில் இருக்கும்.

கையில் பிடிக்கும் தீப்பந்தம் ஒரு நிமிடமும், வானில் எழும்பும் பாராசூட் வாணம் சுமார் 40 வினாடியும்தான் எரியும். ஆகவே கப்பலோ விமானமோ கண்ணில் பட்டால் அல்லது சத்தம் கேட்டால் மட்டுமே கொளுத்த வேண்டும். பயத்தில் முதல் இரவிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டால், உதவி வரும்போது காட்ட ஒன்றும் இராது. கைப்பந்தத்தை மிதவைக்கு வெளியே, காற்று போகும் பக்கமாக நீட்டிப் பிடிக்க வேண்டும். பொறி விழுந்தால் மிதவை ஓட்டையாகிவிடும். புகைக் குப்பி பகலுக்கு உரியது. வெயில் உள்ள நாளில் சிறு கண்ணாடியின் பளிச்சொளியும் வெகுதூரம் போகும். அது தீர்ந்துபோவதும் இல்லை.

ஹெலிகாப்டர் வந்து கம்பி இறக்கினால் அது முதலில் நீரைத் தொடட்டும்; அதில் தேங்கிய மின்சாரம் இறங்கிய பிறகே பிடிக்க வேண்டும். அதை மிதவையில் கட்டிவிடக் கூடாது. குளிரில் விறைத்தவரை நீரிலிருந்து தூக்கும்போது இயன்றவரை படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும். அவருடைய கைகாலைத் தேய்க்கக் கூடாது. பிராந்தி கொடுத்தால் சூடேறும் என்பது பொய். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, மிஞ்சியிருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும். ஈர உடையைக் களைந்து போர்த்தி, நினைவோடு இருந்தால் இனிப்பான வெந்நீரோ தேநீரோ கொடுப்பதே சரி.

தோணிக்கும் விசைப்படகுக்கும் போகிறவர்கள்

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளிலும், மீன்பிடி விசைப்படகுகளிலும் செல்பவர்களுக்கும் இந்த வரிசை அப்படியே பொருந்தும். அங்கே மிதவைச் சட்டைகள் மூட்டையாகக் கட்டி அறைக்குள் கிடப்பதுதான் பெரிய குறை. படகு கவிழும் நேரத்தில் மூட்டையை அவிழ்க்க முடியாது. காற்று எழும்பும்போதே அணிந்துவிட வேண்டும். வி.எச்.எஃப். கருவியில் 16-ஆவது அலைவரிசை உலகெங்கும் அபாய அழைப்புக்கு உரியது. கைபேசி எட்டும் தூரத்தில் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்னும் இலவச எண்ணில் அழைக்கலாம். இந்த எண்ணை வீட்டில் உள்ளவர்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தின் பங்கு

கரையில் இருக்கும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

1. பயிற்சி நிலையம் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். "வகுப்புக்கு வர வேண்டாம், பணம் கட்டினால் சர்ட்டிபிகேட் வீட்டுக்கு வரும்" என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அந்தப் பணத்துக்கு நாம் வாங்குவது பிள்ளையின் அறியாமையைத்தான்.

2. பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே நீச்சல் கற்றுக்கொடுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு வேண்டாம்.

3. விடுமுறையில் வரும் பிள்ளையிடம் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: "உன் கப்பலில் எங்கே கூட வேண்டும்? எந்தப் படகு உனக்கு? கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது?" தயங்காமல் பதில் வந்தால் நிம்மதி. தயங்கினால், அடுத்த முறை கவனிக்கச் சொல்லுங்கள். ஐந்தாண்டுப் புதுப்பிப்பு எப்போது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு தாளில் இவற்றை எழுதி வீட்டில் வையுங்கள்: கப்பலின் பெயர், அதன் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண், எந்த நாட்டுக் கொடி, கம்பெனியின் பெயரும் தொலைபேசியும், வேலைக்கு அனுப்பிய முகவரின் உரிம எண், பிள்ளையின் இன்டோஸ் எண், சி.டி.சி. எண். கப்பலின் பெயர் மாறலாம், ஐ.எம்.ஓ. எண் மாறாது. வீட்டில் குறைந்தது இருவருக்காவது அந்தத் தாள் இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

5. விபத்துச் செய்தி ஏதேனும் வந்தால், முதலில் கம்பெனியையும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தையும் தொடர்புகொள்ளுங்கள். உறுதியாகாத செய்தியை வாட்ஸ்அப்பில் பரப்பி, மற்றொரு வீட்டின் அடுப்பை அணைத்துவிடாதீர்கள்.

கடலில் போகும் பிள்ளைக்காக நாம் இறைஞ்சுகிறோம். அது நம் கடமை. மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக் கட்டக் கற்றுக்கொள்வது அவன் கடமை. அதை அவன் உண்மையாகவே கற்றிருக்கிறானா என்று அடுத்த முறை அவன் போன் செய்யும்போது கேட்டுவிடுங்கள்.